முகில் கூறும் செய்தி

பல்லவ வேந்தர்க்குத் தலைநகராய் விளங்கிய தொன்மை வாய்ந்தது காஞ்சி மாநகர். கோயில்களாலும் பட்டு நெசவாலும் அதன் புகழ் எங்கும் பரவியுள்ளது. அந்நகரில் பிள்ளையார்பாளையம் முதலிய பகுதிகளில் வாழும் நெசவாளர், பாவு நீட்டும் நாளில், வைகறையில் எழுந்ததும் முதற்கண் நோக்குவது வானத்தையே. அதற்குக் காரணம் உண்டு. பட்டுப் பாவைத் தெருவில் நெடுக நீட்டிக் கட்டி, கஞ்சி தோய்த்து, இழைகளைப் பிரித்து உலர்த்துவர். இடையே சிறு தூறல் விழினும் கஞ்சி கரையும். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டும். பலர் கூடிச் செய்த வேலை பாழாகும். மழை மிகுமாயின் தறிக்குழியில் நீர் ஊறி, நெசவே நின்றுவிடும். வீட்டில் அடுப்பெரிவதும் அரிதாகும். ஆதலின் வானத்தை அறிதல் அவர்க்குப் பொழுதுபோக்கு அன்று. வாழ்வோடு ஒன்றிய கல்வியாகும்.

பண்டைத் தமிழர் ஓர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்க்காலம். மார்கழியும் தையும் முன்பனிக்காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். இக்கால வானிலை அறிஞர், அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள திங்கள்களை வடகிழக்குப் பருவமழைக் காலம் என்றும், சனவரி, பிப்ரவரித் திங்கள்களைக் குளிர்காலம் என்றும் வகுப்பர். வடகிழக்குக் காற்று வங்கக் கடலைக் கடந்து வருங்கால் நீராவியை முகந்து வருகின்றது. அதனால், தமிழ்நாடு ஆண்டு முழுவதும் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி அப்பருவத்திலேயே பெய்கின்றது. தை பிறந்தபின் மழை குறைந்து பனி மிகும்.

மழைக்கு முன்னோடியாய் வருவது முகில். முகில்களை வடிவு பற்றி வகைப்படுத்திப் பெயரிட்டவருள் சிறந்தவர் இலண்டன் நகரத்து லூக் ஹோவர்டு என்பவர். மருந்து செய்யும் தொழிலினரான அவர், 1802-ஆம் ஆண்டில் தம் வகைப்பாட்டை அறிஞர் கூட்டத்தில் எடுத்துரைத்தார். அவர் இட்ட அடிப்படைமீதே, இன்று உலக வானிலை அமைப்பு முகில்களை 10 வகைகளாகக் கொள்கின்றது. அவற்றுள் சிலவற்றை அறிந்தாலே பெரும்பயன் விளையும்.

சிக்கெடுத்த வெண்பட்டு நூல்போல மிக உயரத்தில் நீண்டு கிடப்பது கீற்று முகில். தரைக்கு 6 கிலோமீட்டருக்கும் மேலே உலவும் இது, நுண்ணிய பனித்துகள்களால் ஆகியது. தரையை நனைக்கும் மழையைத் தருவதில்லை. அடி தட்டையாகவும் தலை பஞ்சுப் பொதிபோலவும் தோன்றுவது திரள் முகில். வெயிலால் சூடேறிய காற்று மேலெழுவதால் இஃது உருவாகும். சிறிதாய் நின்று மாலையில் கலையுமாயின் மழைக்கு அஞ்சவேண்டுவதில்லை. அதுவே மலைபோல் ஓங்கி, உச்சி பட்டடைக்கல்போல் விரியுமாயின், அது கார்த்திரள் முகிலாகும். இடியும் மின்னலும் பெருமழையும் அதனுடன் வரும். வானை ஒரே சாம்பல் நிறமாக மூடுவது படை முகில். அது தூறலைத் தரக்கூடும். கதிரவன் இருக்குமிடமே தெரியாதபடி இருண்டு தடித்துப் பரவி, விடாது பெய்வது கார்ப்படை முகில்.

முகிலற்ற வானமும் ஒரு செய்தி கூறும். முகில், நிலத்திற்குப் போர்வை போன்றது. பகலில் நிலம் பெற்ற வெப்பம் இரவில் மேலே சென்றுவிடாமல் ஓரளவு அது தடுக்கும். மார்கழி இரவில் விண்மீன்கள் தெளிவாய் மின்னுமாயின் போர்வை இல்லையென்பது பொருள். நிலம் விரைந்து குளிரும். காற்றும் அடங்கியிருப்பின், தரையையொட்டிய நீராவி குளிர்ந்து மூடுபனியாகும். மூடுபனி என்பது தரையில் படிந்த முகிலே அன்றோ? அத்தகைய இரவிற்குப் பின், வெயில் ஏறிப் பனி விலகும்வரை பாவு நீட்டாதிருத்தல் நலம்.

எனினும், கண்ணுக்கு எட்டிய வானம் சிறிது; கடலில் உருவாகும் புயலைத் தெருவில் நின்று காணல் இயலாது. அதற்கே வானிலை நிலையங்கள் உள்ளன. 1875-ஆம் ஆண்டில் இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பெற்றது. 2002-ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவப்பெற்ற டாப்ளர் ரேடார், தொலைவில் உள்ள மழைமுகில்களையும் கண்டு காட்டியது. அத்துறையின் அறிவிப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு உண்டு. வானத்தை எட்டுக் கூறாக்கி, அவற்றுள் 3 அல்லது 4 கூறுகளில் முகில் பரவியிருந்தால், 'ஓரளவு மேகமூட்டம்' என்பர். 'ஓரிரு இடங்களில் மழை' என்றால், மழை அளக்கும் நிலையங்களுள் காற்பங்கிற்கு மேற்படாதவற்றில் பெய்யும் என்பது பொருள். இதனை அறியாதார், தம் தெரு நனையாவிடின் அறிவிப்பே பொய் என்பர். ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்வது கனமழை. 12 முதல் 20 வரை மிகக் கனமழை. 21-உம் அதற்கு மேலும் அதிகனமழை.

2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில், அந்நாளில் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சார்ந்திருந்த தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. மேற்கூறிய அளவுகளோடு இதனை ஒப்பிட்டால் அம்மழையின் கொடுமை விளங்கும். 'அதிகனமழை' என்னும் ஒரு சொல்லைப் பொருளறிந்து கேட்பவர், தறியையும் நூலையும் மட்டுமன்றி, உயிரையும் காத்துக்கொள்வர்.

கண்ணறிவு அண்மையில் உள்ளதைக் காட்டும். கருவியறிவு தொலைவில் உள்ளதைக் காட்டும். பாவும் ஊடையும் கூடினாலன்றி ஆடை இல்லை. அவ்வாறே இவ்விரண்டும் கூடினாலன்றி வானிலை அறிவு நிறைவதில்லை. மாணவர் நாள்தோறும் காலையில் சிறிது நேரம் வானை நோக்கி, முகிலின் வகையைக் குறித்து, மாலையில் நிகழ்ந்ததனோடு ஒப்பிட்டுப் பழகுவாராயின், முகில் கூறும் செய்தி அவர்க்கும் விளங்கும்.