காங், காட்ஸில்லா சண்டையில் மனிதர்களுக்கு என்ன வேலை?

கேள்வி: 2021இல் வந்த 'காட்ஸில்லா வெர்சஸ் காங்' படத்தைத் தமிழில் பார்த்தோம். எனக்குப் பிடித்திருந்தது. "மனுஷங்க வர்ற சீன் எல்லாம் வேஸ்ட்" என்கிறார் அண்ணன். "இந்த மாதிரிப் படத்துக்குக் கதை எதுக்கு?" என்கிறான் நண்பன். யார் சொல்வது சரி? 1962இல் இவை முதன்முதலாக மோதிய படத்துக்கு, ஜப்பானில் காட்ஸில்லா ஜெயிப்பதாகவும் அமெரிக்காவில் காங் ஜெயிப்பதாகவும் இரண்டு கிளைமாக்ஸ் உண்டாமே, உண்மையா?
– வாசகர், ஈரோடு

பதில்: இரண்டு கிளைமாக்ஸ் என்பது வெறும் கட்டுக்கதை. 1962இல் தோஹோ நிறுவனம் ஜப்பானில் வெளியிட்ட படத்திலும், மறுவருடம் யுனிவர்சல் அமெரிக்காவில் வெளியிட்ட பதிப்பிலும் முடிவு ஒன்றுதான். அத்தாமி கோட்டையை நொறுக்கிவிட்டு இரண்டும் கட்டிப் புரண்டு கடலில் விழுகின்றன. காங் மட்டும் மேலே வந்து தன் தீவை நோக்கி நீந்துகிறது. காட்ஸில்லா செத்ததாக எங்கேயும் காட்டவில்லை. வித்தியாசம் ஒலியில்தான். ஜப்பானியப் பதிப்பின் முடிவில் இரண்டின் கர்ஜனையும் கேட்கும். அமெரிக்கப் பதிப்பில் காங்கின் கர்ஜனை மட்டும்.

இனி உங்கள் வீட்டு விவாதத்துக்கு வருகிறேன். நண்பர் சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன். ராட்சத மிருகங்கள் மோதும் படத்தில் மனிதர்கள் சப்பையாகத்தான் இருப்பார்கள், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று ரசிகர்களே சமாதானம் சொல்லிப் பழகிவிட்டார்கள். அந்த 1962 படமே இதற்கு மறுப்பு.

இஷிரோ ஹோண்டா இயக்கிய அந்தப் படத்தில் டாக்கோ என்று ஒருவர் வருவார். மருந்து கம்பெனியின் விளம்பரத் தலைவர். தான் ஸ்பான்சர் செய்யும் டிவி நிகழ்ச்சி எடுபடவில்லை என்ற கவலையில், தீவில் இருக்கும் ராட்சதக் குரங்கைப் பிடித்துவர இரண்டு பேரை அனுப்புகிறார். அதற்குள் காட்ஸில்லா வந்துவிட, பத்திரிகை முழுக்க அதைப் பற்றியே செய்தி. ஊர் அழியப்போகிறதே என்பதைவிட, விளம்பரம் வேறு பக்கம் போகிறதே என்பதுதான் அவருக்குப் பெரிய வேதனை. பழச்சாறு குடித்து மயங்கிய காங்கைத் தெப்பத்தில் கட்டி இழுத்து வந்தால், நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று அதிகாரிகள் மறிக்கிறார்கள். டிவி வீட்டுக்கு வீடு நுழைந்துகொண்டிருந்த ஜப்பானைப் பற்றிய கூர்மையான கேலி இது. மிருகங்கள் ஏன் மோதுகின்றன என்ற கேள்விக்கும் பதில் இந்த மனிதர்களிடம்தான் இருக்கிறது. அவர்களை எடுத்துவிட்டால் சண்டையே இல்லை.

அந்தப் படத்திலும் குறை உண்டு. காங்காக நடித்தவர் போட்ட உடை, ரோமம் உதிர்ந்த பழைய பொம்மை மாதிரி இருக்கும். 1933இல் வந்த 'கிங் காங்' படத்தைப் பார்த்துத்தான் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் மீது பித்தானவர், இந்தப் படத்தின் எஃபெக்ட்ஸைக் கவனித்த எய்ஜி சுபுராயா. அவர் கையில் காங் இப்படி ஆனதில் எனக்கு இன்றும் வருத்தம். ஆனால் காட்ஸில்லாவின் வாயில் காங் ஒரு மரத்தையே திணிக்கும் காட்சி வந்தால் உடையெல்லாம் மறந்துபோகும்.

2021 படத்துக்கு வருவோம். அண்ணன் சொல்வது முக்கால்வாசி சரி. ரென் செரிசாவாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2019இல் வந்த முந்தைய படத்தில் காட்ஸில்லாவைப் பிழைக்கவைக்கத் தன் உயிரையே கொடுத்த விஞ்ஞானியின் மகன் அவர். அவரே காட்ஸில்லாவைக் கொல்லக் கட்டிய மெக்காகாட்ஸில்லா என்ற இயந்திரத்தை இயக்குகிறார். எவ்வளவு பெரிய கதை! அப்பாவைப் பறிகொடுத்த கோபமா, வேறு ஏதாவதா? படம் அதைத் தொடவே இல்லை. இன்னொரு பக்கம் பாட்காஸ்ட் நடத்துபவரும் இரண்டு பிள்ளைகளும் தொழிற்சாலைக்குள் ஓடும் கிளைக்கதை படத்தின் வேகத்தைக் கெடுக்கிறது.

மீதிக் கால்வாசிதான் காது கேளாத சிறுமி ஜியா. நடித்த கெய்லி ஹாட்டில் நிஜத்திலும் காது கேளாதவர். கப்பலில் சங்கிலியில் கிடக்கும் காங், ஜியாவிடம் சைகை மொழியில் 'வீடு' என்று சொல்லும் இடத்தில் அது குரங்காக இல்லாமல் ஒரு பாத்திரமாகிவிடுகிறது. அதனால்தான் ஹாங்காங்கில் காட்ஸில்லா அதன் நெஞ்சில் காலை வைத்து மிதிக்கும்போது நமக்கு வலிக்கிறது. நேருக்கு நேர் சண்டையில் வென்றது காட்ஸில்லா. மெக்காகாட்ஸில்லாவை முடித்தது காங். காங் ரசிகர்கள் இரண்டையும் சேர்த்துச் சமன் என்கிறார்கள். எனக்கு அது ஒப்புதல் இல்லை. வெற்றி யாருக்கு என்று தெளிவாகக் காட்டுவேன் என்றார் இயக்குநர் ஆடம் விங்கார்ட்; காட்டியும்விட்டார்.

அண்ணனுக்கு 2023இல் வந்த 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' படத்தைக் காட்டுங்கள். போரில் தப்பி வந்த விமானியின் குற்ற உணர்வுதான் அதில் கதையே; விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு ஆஸ்கரும் வாங்கியது.

நீங்கள் 1962 படத்தைத் தேடினால் ஜப்பானிய மொழியில், சப்டைட்டிலோடு பாருங்கள். ஓடும் நேரம் 97 நிமிடம். அமெரிக்கப் பதிப்பு 91 நிமிடம்தான்; அகிரா இஃபுகுபேயின் இசையைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு, டாக்கோ வரும் காட்சிகளையும் குறைத்திருப்பார்கள். செய்தி வாசிப்பவர் ஒருவர் திரையில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அது அந்தப் பதிப்பு. நிறுத்திவிட்டு மற்றதைத் தேடுங்கள்.