டெர்ம் பேப்பரா? கவலையை விடுங்க... கைகொடுக்கும் குறிப்புகள்!

கல்லூரியில் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில், செமஸ்டர் முடிகிற நேரம் வந்தாலே தூக்கம் போய்விடும். விஷயம் எல்லாம் தெரிந்திருந்தும், அதை வரிசைப்படுத்தி ஒழுங்காகக் கொடுக்கத் தெரியாமல் மதிப்பெண் போவதுதான் அதிகம். நேரமும் காசும் மிச்சமாகும் சில வழிகள் இதோ, தோழிகளே! பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

1. எழுதத் தொடங்கும் முன் டிபார்ட்மென்டில் கேட்டு, எழுத்தின் அளவு, மார்ஜின், வரி இடைவெளி, பக்க வரம்பு, மேற்கோள் முறை ஆகியவற்றை ஒரே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கைடு சொல்வதுதான் கடைசி வார்த்தை. நல்ல மதிப்பெண் வாங்கிய சீனியரின் பேப்பர் கிடைத்தால், அதன் அமைப்பை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

2. தலைப்பை எவ்வளவு சுருக்குகிறீர்களோ அவ்வளவு வேலை மிச்சம். 'உழவர் சந்தைகள்' என்று வைத்தால் புத்தகமே எழுத வேண்டிவரும். 'மதுரை அண்ணா நகர் உழவர் சந்தையில் காய் விற்கும் பெண்களின் வருமானம்' என்று வைத்தால் பத்துப் பக்கத்தில் அழகாக முடிக்கலாம்.

3. கட்டுரை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பதை ஒரே வாக்கியமாக எழுதி, மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டிவிடுங்கள். 'சந்தைக்கு நேரடியாக வருவதால் இந்தப் பெண்களுக்குக் கூடுதலாக என்ன கிடைக்கிறது?' என்பது போல இருந்தால் போதும். அந்தக் கேள்விக்கு உதவாத பத்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் தயங்காமல் எடுத்துவிடுங்கள்.

4. பக்கங்களை முதலிலேயே பங்கு போட்டுவிடுங்கள். பத்துப் பக்கம் என்றால் முன்னுரைக்கு ஒன்று, முடிவுரைக்கு ஒன்று, நடுவில் உள்ள எட்டை மூன்று உள்தலைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். முன்னுரையே நாலு பக்கம் ஓடி, முக்கியமான பகுதி ஒரு பக்கத்தில் முடிந்துபோகும் தொல்லை இருக்காது.

5. முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். பாதி நேரத்தில் முடிந்துவிடும். பின்னணி, கேள்வி, எந்தப் பகுதியில் என்ன வருகிறது என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். 1999-ல் மதுரையில்தான் முதல் உழவர் சந்தை தொடங்கியது என்பது போன்ற ஒரு தகவலோடு ஆரம்பித்தால் நேரே விஷயத்துக்கு வந்துவிடலாம்.

6. ஒரு பத்திக்கு ஒரு கருத்துதான். முதல் வாக்கியத்தில் கருத்தைச் சொல்லி, அடுத்து ஆதாரம் காட்டி, அதிலிருந்து நாம் என்ன புரிந்துகொள்கிறோம் என்பதோடு முடியுங்கள். ஆதாரத்தைக் கொடுத்துவிட்டு விளக்காமல் விடும் இடத்தில்தான் மதிப்பெண் குறையும்.

7. நூலகத்தில் புத்தகத்தைக் கையில் எடுத்ததுமே தலைப்புப் பக்கத்தையும், பதிப்பு விவரம் உள்ள அதன் பின்பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். குறிப்பு எழுதும்போதே பக்க எண்ணையும் ஓரத்தில் போட்டுவையுங்கள். சமர்ப்பிக்கும் நாளுக்கு முதல்நாள் நூலகத்துக்கு ஓடும் அலைச்சல் மிச்சம்.

8. எல்லாப் புத்தகத்தையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் 'ஷோத்கங்கா' தளத்திலும், பழைய தமிழ் நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும், இலக்கியங்கள் 1998-ல் தொடங்கிய 'மதுரைத் திட்டத்திலும்' இலவசமாகவே கிடைக்கின்றன. சென்னையில் இருப்பவர்களுக்கு அரிய நூல்களையும் பழைய இதழ்களையும் பார்க்கத் தரமணி ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது.

9. மேற்கோள் காட்ட, மொழி, இலக்கியப் பாடங்களுக்குப் பெரும்பாலும் எம்.எல்.ஏ. (MLA) முறை, உளவியல், கல்வியியல் போன்றவற்றுக்கு ஏ.பி.ஏ. (APA) முறை. எம்.எல்.ஏ.வில் அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் வரும், ஏ.பி.ஏ.வில் பெயரோடு ஆண்டு வரும். இரண்டையும் கலக்காமல் ஒன்றையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள்.

10. நீளமான மேற்கோளை வரியோடு வரியாகச் சேர்க்காமல், இடப்பக்கம் அரை அங்குலம் உள்தள்ளித் தனிப் பத்தியாகக் கொடுங்கள். எம்.எல்.ஏ.வில் நான்கு வரிக்கு மேற்பட்ட உரைநடைக்கும், ஏ.பி.ஏ.வில் 40 சொற்கள் தொடங்கியும் இப்படித்தான் செய்ய வேண்டும். இதற்கு மேற்கோள் குறி போட வேண்டாம்.

11. துணைநூல் பட்டியலில் தமிழ்ப் பெயர்களின் தலைப்பெழுத்தைப் பின்னால் போடுங்கள்: 'வரதராசன், மு.' என்பதுபோல. சில மென்பொருள்கள் தமிழை வரிசைப்படுத்தும்போது ற, ழ, ள, ன போன்ற எழுத்துகள் இடம் மாறி நிற்கும். அதனால் அகர வரிசையை ஒருமுறை கண்ணாலும் சரிபார்த்துவிடுங்கள்.

12. படித்ததைச் சொந்த நடையில் எழுத எளிய வழி: புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, அடுத்த அறையில் இருக்கும் அம்மாவுக்குச் சொல்வதுபோல எழுதுவது. பிறகு புத்தகத்தைத் திறந்து விவரம் சரியா என்று பாருங்கள். சொந்த வார்த்தையில் எழுதினாலும், கருத்து யாருடையதோ அவர் பெயரைக் குறிப்பிடுவதுதான் நேர்மை.

13. வேர்டில் உள்தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கி நிறுத்தாமல், 'ஹெடிங்' ஸ்டைலைக் கொடுத்துவிடுங்கள். பொருளடக்கம் பக்க எண்ணோடு தானாகவே வந்துவிடும். திருத்திய பிறகு 'அப்டேட்' கொடுத்தால் எண்களும் மாறிக்கொள்ளும். புதிய பகுதி புதுப் பக்கத்தில் தொடங்க, என்டரைத் தட்டிக்கொண்டே போகாமல் கன்ட்ரோலையும் என்டரையும் சேர்த்து அழுத்துங்கள்.

14. பைண்டிங் செய்யப் போகிறீர்கள் என்றால் இடப்பக்கம் ஒன்றரை அங்குலம், மற்ற மூன்று பக்கமும் ஒரு அங்குலம் விடுவது வசதி. இல்லாவிட்டால் வரியின் முதல் எழுத்துகள் தையலுக்குள் போய்விடும். சான்றிதழ், நன்றியுரை, பொருளடக்கம் உள்ள முன்பக்கங்களுக்கு ரோமன் எண்ணும், முன்னுரையிலிருந்து 1, 2, 3 என்றும் போடுவது வழக்கம்.

15. தமிழில் தட்டச்சு செய்வோர் முதலிலிருந்தே யூனிகோடில் அடியுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தால், அந்த எழுத்துரு இல்லாத ஜெராக்ஸ் கடைக் கணினியில் எல்லாம் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். எதுவானாலும் பி.டி.எஃப். ஆக மாற்றி எடுத்துப்போனால் பக்க அமைப்பு குலையாது.

16. பென் டிரைவை மட்டும் நம்ப வேண்டாம். ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் உங்கள் மின்னஞ்சலுக்கே ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். கோப்பின் பெயரிலேயே தேதியைச் சேர்த்தால், எது புதியது என்று தேடும் வேலை இல்லை.

17. பிரிண்ட் எடுக்கும் முன் வாய்விட்டுப் படித்தால், மூச்சு வாங்கும் நீள வாக்கியங்களும் விட்டுப்போன சொற்களும் தானாகச் சிக்கும். வரைபடம், புகைப்படம் உள்ள பக்கங்களை மட்டும் கலரிலும், மீதியைக் கறுப்பு வெள்ளையிலும் எடுத்தால் பணம் மிச்சம். ஸ்பைரல் போடக் கொடுப்பதற்கு முன், கடையிலேயே நின்று பக்க வரிசையை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

அமைப்பை முதலில் போட்டுக்கொண்டவர்களுக்குக் கடைசி இரவுக் கண்விழிப்பு தேவைப்படாது. மூன்றாவது குறிப்பில் சொன்ன அந்த ஒற்றைக் கேள்வியை இன்றைக்கே எழுதி ஒட்டச் சொல்லுங்கள், தோழிகளே. கேள்வி தெளிவாக இருந்தால் பேப்பரில் பாதி முடிந்த மாதிரிதான்!