நிலப்பனையை அடையாளம் காணுதல்

மழைக்காலத்தில் ஈரமான புல்தரைகளிலும் மரநிழலிலும் தரையோடு தரையாகப் பூக்கும் சிறு செடிகளுள் நிலப்பனையும் ஒன்று. இதன் கிழங்கு சித்த வைத்தியத்தில் வழங்கும் சரக்காதலின், கிராமவாசிகள் தோண்டி விற்பதுண்டு. ஆயினும் பூவில்லாத காலத்தில் ஈச்சங்கன்றையும் கோரையையும் இதுவென்று மயங்குதல் எளிது. வேற்று வேர் கலந்த மூட்டைக்கு என்ன விலை கிடைக்குமென்பது விற்பவர் அறிந்ததே.

நிலப்பனையின் இலைகள் பனங்கன்றின் இலைபோல நீளவாட்டில் மடிப்பு மடிப்பாயிருக்கும். நீளம் அரை அடி முதல் ஒன்றரை அடி வரை. அகலம் ஓர் அங்குலத்திற்கு உட்பட்டது. தொட்டால் மென்மையாயிருக்கும். ஈச்சங்கன்றின் இலையோ விறைத்துக் குத்தும். கோரையின் பூந்தண்டு முப்பட்டையாக உயரும். நிலப்பனைக்கு மண்ணுக்குமேல் தண்டே இல்லை.

ஐயத்தை அறவே தீர்ப்பது பூவாகும். ஆறு இதழ்களுடன் மஞ்சள் நட்சத்திரம்போல மண்ணையொட்டி மலரும். அதனைத் தாங்குவது காம்புபோலத் தோன்றினும் காம்பன்று. சூற்பையின் நீண்ட கழுத்தேயாம். சூற்பை இலையடிகளுக்குள் மண்ணில் மறைந்திருக்க, கழுத்து மட்டும் பூவை வெளியே உயர்த்துகிறது. ஆதலால் காயும் கண்ணிற் படாது. அதனுள் மூக்குடைய கரிய விதைகள் சில இருக்கும். ஜெர்மானியரான ஜோசப் கேர்ட்னர் 1788-ஆம் ஆண்டில் இட்ட ‘கர்குலைகோ’ என்னும் பெயர், மூக்கு நீண்ட கூன்வண்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. விதையைக் கையில் வைத்துப் பார்த்தவர் அப்பெயரைக் குறைகூறார்.

கிழங்கு ஒற்றையாக நேர்கீழே இறங்கும்; வெளியே கருமை கலந்த பழுப்பு, உள்ளே வெண்மை. வெள்ளை முசலியின் கிழங்குகளோ கொத்தாக இருக்கும்; அதன் பூக்களும் வெண்ணிறமாய் உயர்ந்த தண்டில் தோன்றும்.

பூவைக் கண்டவுடன் தோண்டுவது பெருநஷ்டம். கிழங்கோடு செடியும் போம்; மண்ணில் மறைந்த காய் முற்றாமையால் விதையும் போம். கோடையில் இலைகள் வாடிவிட்டால் செடியிருந்த இடமே தெரியாது. எனவே பூக்கும்போது அருகில் ஒரு குச்சி நட்டு வைத்து, காய் முற்றிய பின், இலை வாடுமுன் தோண்டுதல் தகும். அப்பொழுதும் முளையுள்ள தலைப்பாகத்தில் ஓர் அங்குலம் நறுக்கி, தோண்டிய குழியிலேயே நட்டு மண்ணை மூடிவிட்டால், அத்துண்டு ஈரத்தில் மீண்டும் துளிர்க்கும்.