அதிரும் வண்டியின் நோயறிதல்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவனுக்கு வகுத்த முறை, நோயையும் அதன் காரணத்தையும் தெளிந்த பின்னரே பரிகாரம் தேடுவதாகும். இயந்திரங்களுக்கும் அம்முறை பொருந்தும். பழைய பிக்கப் வண்டியொன்று அதிருமாயின், காரணம் அறியாது றயரையும் எஞ்சின் தாங்கியையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தல் பொருட்செலவையே தரும். வகுப்பறையில் நாம் கற்ற வட்டத்தின் சுற்றளவும் எளிய பெருக்கலும் இவ்விடத்து எவ்வாறு உதவும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ஹல்துமுல்லை வாசிகளுக்கு இஃது ஏட்டுக் கல்வி மட்டுமன்று. பெலிஹுல் ஓயாவிலிருந்து ஏறிவரும் பிரதான வீதி, ஹல்துமுல்லையைக் கடந்து பெரகலைச் சந்தியை அடைகின்றது. அங்கிருந்து ஒரு வீதி அப்புத்தளைக்கு ஏற, மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகின்றது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 வரை பெரும்பாலும் தடைப்பட்டிருந்தமையால், பழைய வண்டிகளே நெடுங்காலம் பாரம் சுமந்தன. இறக்கத்திற் சிறிய கியரிற் செல்லும் வண்டியை எஞ்சினே தடுத்து நிறுத்துகின்றது. பின்சில்லால் ஓடும் வண்டியில் அப்பிடி சில்லைச் சென்றடைவது, கியர்ப் பெட்டியையும் பின் அச்சையும் இணைக்கும் சுழல் தண்டின் வழியாகவே. அத்தண்டின் மூட்டு முறிந்தால் எஞ்சினின் பிடி அற்றுப்போகும். பாரம் முழுவதையும் பிறேக்கே தாங்க வேண்டும். ஆதலின் அதிர்வை அலட்சியஞ் செய்தல் தகாது.

தண்டின் இரு முனைகளிலும் சிலுவை வடிவான யூனிவேர்சல் மூட்டுகள் உள. இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயராலும், 17ஆம் நூற்றாண்டின் ஆங்கில அறிஞர் ரொபேட் ஹூக்கின் பெயராலும் இம்மூட்டு வழங்கப்படும். சாய்வாக நிற்கும் மூட்டு சீராகச் சுழற்றுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தாழும். சாய்வு 3 பாகையாயின் ஏற்றத்தாழ்வு நூற்றுக்கு 0.14 வீதமே, 10 பாகையாயின் ஏறக்குறைய 1.5 வீதம். இரு மூட்டுகளின் கவைகளும் ஒரே தளத்தில் நின்று, சாய்வுகளும் சமமாயிருந்தால், முதல் மூட்டின் குறையை இரண்டாவது நிவர்த்தி செய்யும்.

இனிக் கணக்குக்கு வருவோம். றயரின் சுற்றளவு 2.1 மீற்றர் எனவும், பின் அச்சின் பல்விகிதம் 4.1 எனவும் கொள்வோம். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி செக்கனுக்கு 11.1 மீற்றர் செல்லும். எனவே சில்லு செக்கனுக்கு 5.3 முறையும், தண்டு அதன் 4.1 மடங்காகிய ஏறக்குறைய 22 முறையும் சுழலும். மூட்டின் அதிர்வு அதன் இருமடங்கு, அதாவது ஏறக்குறைய 43. ஆசனத்தை மெதுவாகக் குலுக்குவது சில்லின் குறை. தரையில் ரீங்காரமாய் எழுவது தண்டின் குறை. அதனினும் விரைவானது மூட்டின் குறை. கைத்தொலைபேசியின் அதிர்வுமானி இவ்வெண்ணிக்கையைக் காண உதவும்.

சோதனைகள் மூன்று. முதலாவது, வண்டியை நிறுத்திக் கியரை விடுவித்து எஞ்சினை மட்டும் விரைவாக்குக. அப்போதும் அதிர்ந்தால் நோய் எஞ்சினிடத்தே. இரண்டாவது, சமதரையில் ஒரே வேகத்தில் மூன்றாம் கியரிலும் நான்காம் கியரிலும் செலுத்துக. கியர் மாறியும் அதிர்வு மாறாதிருந்தால், குற்றம் கியர்ப் பெட்டிக்குப் பின்னால் உளது. மூன்றாவது, எஞ்சின் இழுக்கும்போது மட்டும் அதிர்ந்து, காலை எடுத்ததும் அடங்குமாயின், தேய்ந்த மூட்டையோ பிழையான சாய்வையோ ஐயுறலாம். வேகம் கூடக்கூட அதிர்வு பெருகுமாயின் தண்டின் சமநிலை கெட்டிருக்கலாம். சமநிலைக் கேட்டால் எழும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதால், வேகம் 40இலிருந்து 60 ஆகும்போது அது 2.25 மடங்காகும்.

பின்னர் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து அடியிற் பார்க்க. மூட்டின் மூடிகளைச் சுற்றிச் செந்துருத் தூள் படிந்திருத்தல், கையால் திருகும்போது ஆட்டம் காணுதல், தண்டில் சேறு அப்பியிருத்தல் என்பன அடையாளங்கள். பாரத்துக்காக வில்லுத் தகடு சேர்த்திருந்தால் அச்சின் சாய்வும் மாறியிருக்கலாம். தண்டைக் கழற்றுமுன் கவைகளிலும் வழுக்கு இணைப்பிலும் வர்ணத்தால் அடையாளமிடுதல் அவசியம். ஒரு பல் மாறிப் பூட்டினும் கவைகள் தளம் பிறழும். நல்ல தண்டும் அதிரும். தண்டைக் கழற்றியபின் கியர் வண்டியைத் தடுத்து நிறுத்தாது என்பதையும் மறவற்க.

மாணவர்களுக்கு இஃது ஒரு செய்முறைப் பயிற்சியாகும். பழைய வண்டி வைத்திருக்கும் பழைய மாணவர்கள், றயரின் சுற்றளவை நூலால் அளக்கவும் பல்விகிதத்தைக் கணிக்கவும் அவர்களை அனுமதிப்பாராயின், பெருக்கல் வாய்பாடு ஒரு பாரவண்டியைக் காப்பதை அவர்கள் நேரிற் காண்பர். எண்ணி அறிந்து, பின்னரே திருகாணியைக் கழற்றுவோமாக.