வெட்கப்படாமல் போனை எடு

அருப்புக்கோட்டை

அன்புள்ள பாப்பா,

முதல் மாதச் சம்பளம் கணக்கில் ஏறிவிட்டது என்று உன் அப்பா சொன்னான். ரொம்பச் சந்தோஷம். வங்கி கவுன்டரிலேயே வயசைக் கழித்தவன் நான். அதனால் உனக்கு ஒன்று சொல்லியாக வேண்டும்.

2019-ல் ஒரு திங்கட்கிழமை. சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா மஞ்சப்பையிலிருந்து பாஸ்புக்கை எடுத்து, "என்ட்ரி போட்டுக் குடுங்க சார்" என்று நீட்டினார். பிரின்டர் கரகரவென்று அடித்துக்கொண்டே போனது. பக்கத்தைத் திருப்பி வைத்தேன், அதுவும் நிரம்பியது. வெள்ளிக்கிழமை மாலை ஐயாயிரம். சனிக்கிழமை பத்துப் பத்தாயிரமாக நாலு தடவை. ஞாயிறும் அப்படியே. கடைசி வரியில் மீதி நாற்பத்திரண்டு ரூபாய்.

"கேஒய்சி முடிஞ்சிருச்சு, ராத்திரிக்குள்ள கார்டு பிளாக் ஆயிரும்" என்று எவனோ போனில் மிரட்டி, கார்டு எண்ணையும் ஓடிபியையும் வாங்கியிருக்கிறான். ஐயாயிரம் போன மெசேஜ் வந்ததுமே அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. மகன் திட்டுவான், மருமகள் முன்னால் தலைகுனிய வேண்டும் என்று இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை.

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட விதி ஒன்று இருக்கிறது. நாமே ஓடிபியைச் சொல்லி ஏமாந்தாலும், வங்கிக்குத் தகவல் சொல்லும்வரை போன பணம்தான் நம் நஷ்டம். சொன்ன பிறகு போவது வங்கியின் நஷ்டம். வெள்ளிக்கிழமை ராத்திரியே கார்டின் பின்னால் இருக்கும் எண்ணுக்கு ஒரு போன் போட்டிருந்தால் ஐயாயிரத்தோடு நின்றிருக்கும். அதை அவரிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் அழவில்லை. மஞ்சப்பையின் வாயைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அப்போது 1930 என்ற சைபர் குற்ற உதவி எண் கிடையாது. இப்போது இருக்கிறது, அந்த எண்ணை இன்றைக்கே போனில் பதிந்துவை. திருடிய பணம் ஒரு கணக்கில் தங்காது, நிமிஷக் கணக்கில் கைமாறும். 1930-க்கு உடனே சொன்னால், போய்ச் சேர்ந்த கணக்கிலேயே அதை முடக்கிவைக்க வழி உண்டு. வங்கிக்கும் சொல், புகார் எண்ணைக் கேட்டு நேரத்தோடு எழுதிவை. திட்டு வாங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நீ படித்தவள், ஏமாறமாட்டாய் என்கிறான் உன் அப்பா. எனக்கு அந்தத் தைரியம் இல்லை. படித்தவர்களுக்கென்றே தனித் தூண்டில் வைத்திருக்கிறார்கள். காக்கிச் சட்டையோடு வீடியோ காலில் வந்து, "உன் பேரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கு, நீ டிஜிட்டல் அரெஸ்டில் இருக்கே, யார்கிட்டயும் பேசாதே" என்பான். நம் நாட்டுச் சட்டத்தில் அப்படியொரு கைதே கிடையாது. யாரிடமும் சொல்லாதே என்று ஒருவன் சொன்னால், அந்த நிமிஷமே எனக்குப் போன் போடு. நடுராத்திரியானாலும் எடுப்பேன்.

பழைய கட்டிலை விற்கும்போது, "பணம் அனுப்பிட்டேன், யுபிஐ பின்னைப் போட்டு வாங்கிக்கங்க" என்று எவனாவது சொன்னால் கையை எடுத்துவிடு. பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை.

வீடு பிடிக்கும்போது ஆதார் நகல் கேட்பார்கள். கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற நகல், ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே கிடைக்கிறது. அதைக் கொடு. எதற்காகக் கொடுத்தாய் என்பதையும் தேதியையும் குறுக்கே எழுது. கண்ட இடத்தில் கிடக்கும் நகலை வைத்துத்தான் இன்னொருவன் உன் பேரில் சிம் வாங்குகிறான், கடன் வாங்குகிறான். உன் பேரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அவ்வப்போது பார். போனில் சிக்னல் திடீரென்று போய், நேரமாகியும் வராவிட்டால் சும்மா இருக்காதே. தோழியின் போனிலிருந்து சிம் கம்பெனிக்கும் வங்கிக்கும் பேசு. உன் எண்ணை வேறு சிம்முக்கு மாற்றியிருக்கலாம். மாற்றிவிட்டால் ஓடிபியெல்லாம் அவனுக்குத்தான் போகும்.

ஆதாரில் கைரேகையைப் பூட்டிவைக்கும் வசதி உண்டு. பொங்கலுக்கு வரும்போது உன் அப்பாவுக்கும் அதைப் போட்டுக்கொடு. நான் சொன்னால் "பார்த்துக்கலாம்ணே" என்பான். நீ பக்கத்தில் உட்கார்ந்தால் மறுபேச்சில்லாமல் போனை நீட்டுவான்.

அன்புடன்,
பெரியப்பா