செம்பட்டைச் சிங்கோனாவின் வித்துச் சேகரித்த வரலாறு

மலேரியா ஜுரத்துக்குக் கொயினாவே கைகண்ட மருந்தாக நெடுங்காலம் இருந்து வந்தது. கொயினா எடுக்கப்படும் சிங்கோனா மரம் நம் நாட்டு மரமன்று; தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்காடுகளில் தானே வளர்வது. அதில் செம்பட்டை ஜாதி நீலகிரிக்கு வந்து சேர்ந்த விதம், வித்துச் சேகரிப்போர் அனைவரும் அறியத்தக்கது.

ரிச்சர்ட் ஸ்புரூஸ் என்பவர் இங்கிலாந்தில் யார்க்ஷயரில் பிறந்த தாவர சாஸ்திரி. 1849 முதல் அமேசான் காடுகளில் திரிந்து, செடிகளை உலர்த்திச் சீமையிலுள்ள சந்தாதாரர்களுக்கு அனுப்பி, அவர்கள் தந்த பணத்தில் ஜீவித்து வந்தார். 1859இல் லண்டனிலிருந்த இந்தியா மந்திரி, செம்பட்டை மரத்தின் வித்தும் நாற்றும் சேகரித்து அனுப்பும் வேலையை அவரிடம் ஒப்புவித்தார். மறுவருஷம் ஏக்வடோர் தேசத்தில் அதற்கான ஏற்பாடுகளைச் செய்துகொண்டிருக்கையில், அவருக்கு முதுகும் கால்களும் திடீரென்று வசமிழந்தன. அப்படியிருந்தும் வேலையை விடாமல், சிம்போராசோ மலையின் மேற்குச் சரிவிலுள்ள லிமோன் என்னும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அச்சமயம் அத்தேசத்தில் உள்நாட்டுக் கலகமும் நடந்துகொண்டிருந்தது.

பட்டைக்காகப் பெருமரங்கள் பெரும்பாலும் வெட்டப்பட்டுவிட்டபடியால், காய்த்த மரங்கள் சிலவே அகப்பட்டன. பட்டை வெட்டும் ஜனங்களோ அது ஜுர மருந்து என்பதை நம்பவில்லை. சாயம் போடவே அயல்நாட்டார் வாங்குகிறார்கள் என்று எண்ணியிருந்தனர். வித்துக்கு விலையுண்டு என்று கேள்விப்பட்டதும், சில மரங்களின் காய்களை யாரோ முற்றுமுன்னரே பறித்துவிட்டனர். நம் ஊர்களில் நெல்லிக்கும் கடுக்காய்க்கும் நேர்வதும் இதுவேயல்லவா?

சிங்கோனாக் காய் அடிப்புறத்திலிருந்து மேல்நோக்கி வெடிக்கும். வித்து மிகச் சிறியது, ஓரத்தில் மெல்லிய இறகுடையது, காற்றில் பறந்துவிடும். ஆகையால் காய் வெடிக்கத் தொடங்கும் தருணம் பார்த்து, மரத்தடியில் துணி விரித்துக் குலைகளை மெதுவாக ஒடித்து, பல நாள் உலர்த்த வேண்டியிருந்தது. முற்றாத வித்து முளைக்காது. ஈரம் தங்கினாலோ வழியிலேயே பூசணம் பிடிக்கும். இவ்விதமாக நன்கு உலர்ந்த வித்துக்கள் சுமார் 1,00,000 திரண்டன.

சீமையிலிருந்து வந்த ராபர்ட் கிராஸ் என்னும் தோட்டக்காரர் துண்டுக் கிளைகளை ஊன்றி, புழுவுக்கும் வறட்சிக்கும் தப்புவித்து நாற்றாக்கினார். அவற்றில் 637 நாற்றுக்கள் 15 பெட்டிகளில் அடுக்கப்பட்டு, தெப்பத்தில் ஆற்று வழியே குவாயகில் துறைமுகத்துக்குப் போயின. வெள்ள வேகத்தில் தெப்பம் கரைமரக் கிளைகளில் மோதியபோதும் நாற்றுக்களுக்குச் சேதம் அதிகமில்லை. 1861இல் கிராஸ் அவற்றைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். உதகமண்டலத்துச் சர்க்கார் தோட்டத்து மேலாளர் மக்கைவர் வித்துக்களை முளைக்கவிட்டுப் பயிரைப் பெருக்கினார். பட்டையைக் கீற்றாக உரித்து, உரித்த இடத்தில் பாசி கட்டினால் மறுபட்டை வளரும் என்று கண்டறிந்தவரும் அவரே; அதனால் மரத்தை வெட்டாமலே பட்டை எடுக்க இயன்றது.

ஜாவாவில் பின்னர் டச்சுக்காரர் பயிரிட்ட லெட்ஜர் ஜாதியை நோக்கச் செம்பட்டையில் கொயினா குறைவுதான். ஆனால் அது திடமாக வளரும்; ஜுரத்தைத் தணிக்கும் பிற சத்துக்களும் அதிகம்.

ஸ்புரூஸ் தமது சேமிப்பை வைத்திருந்த குவாயகில் வியாபார ஸ்தாபனம் 1861இல் முறிந்துபோயிற்று. 1864இல் ஊர் திரும்பியபோது அவர் நோயாளி, கையில் பணமுமில்லை. 1865இல் பிரிட்டிஷ் சர்க்கார் அவருக்கு வருஷத்துக்கு 50 பவுன் உபகாரச் சம்பளம் அளித்தது. அவர் வித்தனுப்பிய இந்தியாவின் சர்க்கார் மேலும் 50 பவுன் சேர்த்தது 1877இல்தான். 1893இல் யார்க்ஷயர்க் கிராமமொன்றின் சிறு குடிசையில் அவர் காலமானார்.