மரக்கட்டையில் உட்கார்ந்திருந்தவர்கள்

அன்புள்ள மருமகனுக்கு,

நேற்று போனில் கேட்டாயே, "மாமா, 'வின்லாண்ட் சாகா' அனிமேயில் வருகிற ஜோம்ஸ்வைக்கிங்குகள் நிஜமாகவே இருந்தார்களா?" என்று. போனிலேயே ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை, உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் கதையைக் கதையாகவே கேள். அவர்களைப் பற்றி 1200-ஐ ஒட்டி ஐஸ்லாந்தில் ஒருவர் எழுதிவைத்த சாகா, அதாவது நெடுங்கதை, அது. பால்டிக் கடலோரத்தில் ஜோம்ஸ்போர்க் என்று ஒரு கோட்டை. துறைமுக வாயிலில் கல் வளைவு, அதற்கு இரும்புக் கதவு, உள்ளே நூற்றுக்கணக்கான நீள்கப்பல்கள். அந்தப் பகுதியை ஆண்ட ஸ்லாவிய மன்னன் நிலம் கொடுத்தான், பதிலுக்கு அவன் நாட்டைக் காப்பது இவர்கள் பொறுப்பு. தலைவன் பால்னடோகி என்ற டென்மார்க்காரன்.

அவன் வகுத்த சட்டங்கள்தான் எல்லாரையும் மயக்குகின்றன. 18 வயதுக்குக் கீழே, 50-க்கு மேலே யாரையும் சேர்ப்பதில்லை. சமபலமுள்ள எதிரிக்கு முதுகு காட்டக் கூடாது. ஒருவன் செத்தால் உடன்பிறந்தவன் செத்ததுபோல் பழிவாங்க வேண்டும். பயம் என்ற சொல்லே வாயில் வரக் கூடாது. கொள்ளையில் கிடைத்தது சிறிதோ பெரிதோ பொதுவில் சேர வேண்டும். கோட்டைக்குள் பெண்கள் இல்லை, மூன்று இரவுக்கு மேல் யாரும் வெளியே தங்கக் கூடாது. முதல் தடவை படித்தபோது நானும் உன்னைப்போலத்தான், இதையெல்லாம் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் தடவை படித்தபோதுதான் கதாசிரியரின் கைவேலை புரிந்தது. சட்டங்களை அடுக்கிவைத்த கையோடு அவற்றை ஒவ்வொன்றாக உடையவிடுகிறார். வாக்ன் என்ற பையன் வந்து சேர்கிறபோது அவனுக்கு வயது 12. இரண்டு கப்பல்களோடு வந்து, இரண்டு கப்பல்களோடு எதிர்த்த சிக்வால்டி என்ற வீரனைத் திணறடிக்கிறான், வேறு வழியில்லாமல் சேர்த்துக்கொள்கிறார்கள். பால்னடோகி இறந்ததும் சிக்வால்டி தலைவனாகிறான். ஸ்லாவிய மன்னன் மகள் ஆஸ்ட்ரிட்டை மணக்கிறான், சட்டங்கள் தளர்கின்றன.

அடுத்து அந்த விருந்து. டென்மார்க் மன்னன் ஸ்வெய்ன் இவர்களுக்குக் கடுமையான மதுவாகப் பார்த்து ஊற்றச் சொல்கிறான். போதை ஏறியதும் சபதம் செய்யச் சொல்கிறான். நார்வேயின் ஹாகோன் பிரபுவை மூன்று ஆண்டுக்குள் விரட்டுவேன், இல்லையேல் கொல்வேன், முடியாவிட்டால் அங்கேயே சாவேன் என்கிறான் சிக்வால்டி. வாக்னும் அவனோடு போவதாகச் சொல்லி, தோர்கெல் லெய்ரா என்ற நார்வேக்காரனைக் கொல்லாமல் திரும்பமாட்டேன் என்கிறான். காலையில் எழுந்த சிக்வால்டிக்கு ஒன்றும் நினைவில்லை, மனைவிதான் எடுத்துச் சொல்கிறாள். ஆனால் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற வழி கிடையாது.

நார்வேயின் மேற்குக் கரையில் ஹ்யோருங்கவாக் விரிகுடாவில் போர் நடந்தது. 986-ஐ ஒட்டி என்பது வழக்கமான கணக்கு. நடுவில் ஆலங்கட்டி மழை முகத்தில் அறைகிறது. ஹாகோன் தன் மகனையே பலிகொடுத்து வரவழைத்த தேவதையின் வேலை என்கிறது சாகா. "பேய்களோடு போரிட நான் சபதம் செய்யவில்லை" என்று சிக்வால்டி கயிற்றை அறுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான். முதுகு காட்டக் கூடாது என்ற சட்டத்தை மீறியவன் தலைவனே.

இனி எஞ்சியவர்களைப் பார். எழுபது பேர் பிடிபட்டார்கள் என்கிறது சாகா (ஸ்னோரி என்ற ஐஸ்லாந்துக்காரர் எழுதிய மன்னர் வரலாற்றில் கணக்கு வேறு). ஒரு நீண்ட மரக்கட்டையில் வரிசையாக உட்காரவைத்து, கால்களை ஒரே கயிற்றில் பிணைத்திருக்கிறார்கள். தோர்கெல் லெய்ரா கோடரியோடு வரிசையில் வருகிறான், ஒவ்வொருவனிடமும் சாவைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டு வெட்டுகிறான். ஒருவன் சொல்கிறான்: தலை போனபின் மனிதனுக்கு உணர்வு இருக்குமா என்று எங்களுக்குள் பலநாள் விவாதம், இந்தக் குறுவாளைக் கையில் பிடித்திருப்பேன், உணர்வு இருந்தால் நீட்டிக் காட்டுவேன். கோடரி விழுகிறது. குறுவாளும் விழுகிறது.

பொன்னிறத் தலைமுடி கொண்ட ஓர் இளைஞன், முடியில் ரத்தம் படக் கூடாது, யாராவது பிடித்துக்கொள்ளுங்கள் என்கிறான். ஒருவன் வந்து முடியைக் கையில் சுற்றிப் பிடிக்கிறான். கோடரி இறங்கும் நொடியில் இளைஞன் தலையை வெடுக்கென்று இழுக்க, பிடித்தவனின் இரண்டு கைகளும் போகின்றன. ஹாகோனின் மகன் எய்ரிக் அவனை உயிரோடு விடுகிறான். அடுத்து வாக்னிடம் கேட்கிறார்கள். என் சபதம் நிறைவேறினால் சாகச் சம்மதம் என்கிறான். தோர்கெல் ஆத்திரத்தில் பாய்ந்து தடுக்கி விழ, கோடரி கயிற்றை அறுக்கிறது. வாக்ன் அதே கோடரியை எடுத்து அவனைக் கொல்கிறான். எய்ரிக் அவனுக்கும் உயிர்ப்பிச்சை தருகிறான். விட்டால் எல்லாரையும் விடு, இல்லையேல் எனக்கும் வேண்டாம் என்கிறான் வாக்ன். எய்ரிக் கயிற்றை அவிழ்க்கச் சொல்கிறான். கோட்டையும் தலைவனும் போனபிறகு அந்தச் சகோதரத்துவம் முழுசாக வெளிப்படுவது இந்த மரக்கட்டையில்தான்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். போலந்தில், ஓடர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் வோலின் என்ற ஊர் இருக்கிறது. ஜோம்ஸ்போர்க் அதுதான் என்று பலர் கருதுகிறார்கள். அகழ்வாய்வில் கிடைத்தது பெரிய ஸ்லாவிய வணிக நகரம், ஸ்காண்டிநேவியர்களும் வாழ்ந்த ஊர். 1075-ஐ ஒட்டி எழுதிய பிரெமன் ஆதாம் என்ற வரலாற்றாசிரியர், ஐரோப்பாவிலேயே பெரிய நகரம் என்கிறார். மகனிடம் தோற்று, காயத்தோடு ஓடிவந்த டென்மார்க் மன்னன் ஹரால்டு இங்கேதான் இறந்தான் என்பதும் அவர் எழுதியதே. உன் போனில் இருக்கிற புளூடூத் அந்த ஹரால்டின் பட்டப்பெயர்தான். ஆனால் இரும்புக் கதவு வைத்த, பெண்களே இல்லாத கோட்டை எதுவும் மண்ணுக்கடியில் கிடைக்கவில்லை. அந்தச் சட்டங்களும் போர் நடந்து 200 ஆண்டு கழித்து, மன்னனே இல்லாத ஐஸ்லாந்தில் எழுதப்பட்டவை.

ஆனால் அனிமேயில் நீ ரசிக்கிற தோர்கெல் (வாக்ன் கொன்ற தோர்கெல் லெய்ரா வேறு ஆள்) சந்தேகமில்லாத வரலாறு. சாகாவில் அவன் சிக்வால்டியின் தம்பி. 1009-இல் படையோடு இங்கிலாந்தில் இறங்கினான். 1012-இல் அவன் ஆட்கள் கேன்டர்பரி பேராயரை எலும்புகளையும் எருதுத் தலைகளையும் எறிந்து அடித்துக் கொன்றார்கள். அவரைக் காப்பாற்ற, கப்பலைத் தவிர எல்லாவற்றையும் தருவதாகத் தோர்கெல் கெஞ்சினான் என்று அதே காலத்து ஜெர்மானிய ஆயர் தியட்மார் எழுதியிருக்கிறார். அந்த ஆண்டே 48,000 பவுண்டு கப்பம் வாங்கிய படையிலிருந்து 45 கப்பல்கள் இங்கிலாந்து மன்னன் பக்கம் சேர்ந்துகொண்டன, தோர்கெலும் அவனிடம் வேலைக்குச் சேர்ந்தான். கூலிப்படை வாழ்க்கை நிஜத்தில் எப்படி இருந்தது என்று தெரிய இந்த ஒரு வருடத்தைப் பார்த்தால் போதும். அவனை ஜோம்ஸ்வைக்கிங் என்று அந்தக் காலத்து இங்கிலாந்துக் குறிப்புகள் எங்கேயும் சொல்லவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்தது. தெற்கு ஸ்வீடனில் ஹேலெஸ்டாட் என்ற ஊரில், அந்தக் காலத்திலேயே ரூன் எழுத்துகள் வெட்டிய ஒரு நினைவுக்கல். டோகி என்ற தலைவனுக்காக அவன் ஆட்கள் நிறுத்தியது. உப்சாலாப் போரில் அவன் ஓடவில்லை என்கிறது கல். நிறுத்தியவர்கள் அவனைத் தங்கள் சகோதரன் என்கிறார்கள். ஜோம்ஸ்போர்க் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. பிற்காலத்தில் தேவாலயம் கட்டியவர்கள் அந்தக் கல்லைச் சுவரில் வைத்துக் கட்டிவிட்டார்கள். இன்றும் அங்கேயே இருக்கிறது.

அன்புடன்,
மாமா